துல்லியோ செத்த கதை

"ஒண்ணு விடாம சொல்லிடுங்க, இவானோ. இப்ப மறைச்சீங்கன்னா அப்புறம் யாராலயும் உங்களைக் காப்பாத்த முடியாது."

கதவு சாத்தியிருந்தது. எதிரே லொரெதானா, ஓரத்தில் கிழவர் தார்சீசியோ. இவானோவுக்குக் கழுத்தெல்லாம் வேர்த்து வழிந்தது.

போலீஸ் விசாரணை என்று நினைத்துவிட வேண்டாம். இத்தாலியின் டஸ்கனியில் ஒரு பளிங்குக் குவாரி ஊரின் கட்சி ஆபீஸ் அது. மேயர் தேர்தலுக்கு ஆள் எடுக்கிறார்கள்.

முன்பெல்லாம் செயலாளர் தார்சீசியோ யாரைக் கை காட்டுகிறாரோ அவர்தான் வேட்பாளர். இப்போது அமெரிக்கத் தேர்தல்களில் வேலை பார்த்துத் திரும்பிய லொரெதானா புது முறை கொண்டுவந்திருக்கிறாள். சட்டைக் கையை மடித்துவிட்டு, சொந்தச் சோகத்தைச் சொல்லி மேடையில் பேச வேண்டும். பிறகு மூடிய அறையில், எதிர்க்கட்சிக்காரன் தோண்டி எடுக்கக்கூடியதை எல்லாம் தானே கக்கிவிட வேண்டும்.

முதலில் வந்தவள் குழந்தைகள் டாக்டர் ஃபப்ரீசியா. அவளிடம் கக்குவதற்கு ஒன்றுமில்லை. காபி ஆறுவதற்குள் எழுந்து போய்விட்டாள். தார்சீசியோ கொட்டாவி விட்டார்.

அடுத்தவன்தான் இவானோ.

"நேத்து மேடையில குவாரித் தொழிலாளி துல்லியோவைப் பத்திப் பேசினீங்களே, பாதி ஊர் அழுதுச்சு," என்றாள் லொரெதானா. "கல்லு விழுந்து செத்த சிநேகிதனுக்காகத்தான் அரசியலுக்கு வந்தேன்னீங்க. அத்தனையும் நிஜமா?"

இவானோ உடைந்துபோனான்.

"கல்லு தானா விழலை. கல்லைத் தூக்கற இரும்பு வடம் நைஞ்சிருக்குன்னு காலையிலேயே துல்லியோ சொன்னான். மேஸ்திரி நான்தான். இன்னிக்கு ஒரு நாள் சமாளிடான்னு மேலே அனுப்பினேன். அப்புறம் விசாரணையில, அவன் குடிச்சிருந்தான்னு சொல்லிட்டேன்."

குடிகாரனைப் பெற்றவள் என்று ஊர் பேசிய பேச்சில், துல்லியோவின் அம்மா ஞாயிறு பூசைக்கு வருவதையே நிறுத்திவிட்டாள். மகனையும் பறித்து, பெயரையும் கெடுத்து, அதையே மேடையில் விற்றும் ஆயிற்று.

தார்சீசியோ நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"வடம் நைஞ்சது வேற யாருக்குத் தெரியும்?"

"மெஷின் ஓட்டின அர்மீதோவுக்கு. அவன் இன்னும் இங்கதான் இருக்கான்." இவானோ முகத்தைத் துடைத்துக்கொண்டான். "நான் விலகிக்கறேன், தலைவரே. இப்பவே போய் அந்தம்மா கால்ல விழுந்து எல்லாத்தையும் சொல்லிடறேன். ஊருக்கும் சொல்லிடறேன். ரொம்ப நாளைக்கு அப்புறம் இன்னிக்குத்தான் மூச்சு வருது."

"சரிப்பா. கொஞ்சம் வெளியே உட்காரு."

கதவு மூடியது. லொரெதானாவுக்கும் கண் கலங்கியிருந்தது.

"நல்லவேளை, முன்னாடியே தெரிஞ்சுது. இதுக்குத்தான் தலைவரே இந்த முறை. ஃபப்ரீசியாதான் வேட்பாளர்னு அவங்களுக்குப் போன் பண்ணிடட்டுமா?"

"அந்த டாக்டருக்கு நம்ம பேச்சைக் கேக்கணும்னு என்ன தலையெழுத்து?" தார்சீசியோ நிதானமாகச் சுருட்டைப் பற்றவைத்தார். "கிழவி கால்ல விழப் போறதுக்குள்ள இவானோவைக் கூப்பிடு. இனி அவன் நம்ம ஆளு."