மிச்சமிருந்த ஜோடி

"மெதுவா, மெதுவா! கல்யாணத்துக்கு முன்னாடியே காலை ஒடிச்சுடாதீங்கப்பா!"

மயக்க ஊசி போட்ட சிறுத்தையை நாலு பேர் மேசையில் கிடத்தும்போது கொழுந்தன் கிண்டலடித்தான். அவன் கால்நடை மருத்துவன். அண்ணி, காட்டில் கேமரா கட்டிச் சிறுத்தைகளைக் கண்காணிப்பவள். அவளுக்குச் சிரிப்பே வரவில்லை.

எப்படி வரும்? அந்தக் காட்டில் மிச்சமிருந்தவை இரண்டே சிறுத்தைகள். ஓடைப் பாதைக் கேமராவில் ஒன்று விழுந்திருந்தது, மேட்டுப் பாதைக் கேமராவில் இன்னொன்று. இரண்டையும் பிடித்து ஒரே வேலிக்குள் விட்டால்தான் இனம் தழைக்கும். அதற்காகக் கால் தேய அலைந்து, மேலிடத்தில் கெஞ்சிக் கூத்தாடி அனுமதி வாங்கியவள் அவள்தான்.

"சொல்லுங்கண்ணி, இது நம்ம ராசாவா, ராணியா?"

ஒவ்வொரு சிறுத்தைக்கும் புள்ளிகள் வேறு வேறு, நம் கைரேகை மாதிரி. சுவரில் ஒட்டியிருந்த இரண்டு படங்களோடும் சிறுத்தையின் விலாவை ஒப்பிட்டுப் பார்த்தாள்.

"ராசாதான் தம்பி. சந்தேகமே இல்ல."

கொழுந்தன் வாலைத் தூக்கிப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். "அண்ணி, உங்க ராசா பொண்ணு!"

"ஐயையோ! படத்துல எங்கே தெரியுது? நாமளா வச்ச பேருதானே. ராணி ஆணா இருந்துட்டாப் போதும்."

"கண்டிப்பா இருக்கும். இவ நல்ல தெம்பா இருக்கா, குட்டி போடுற வயசுதான். நாளைக்கே அதையும் பிடிச்சுடுவோம். சீக்கிரமே பேரன் பேத்தி எடுக்கப் போறீங்க!"

அப்போதுதான் அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

"அந்தப் பக்கமும் பார்த்துடறேன். புரட்டுங்கப்பா" என்றான் கொழுந்தன்.

நாலு பேரும் சேர்ந்து புரட்டினார்கள்.

அண்ணி சிறுத்தையைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். மறுபடியும் சிறுத்தையைப் பார்த்தாள். மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னண்ணி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?"

"ஒரு பாதைக்கு ஒரு கேமராதானே கட்டினோம்... ஓடையில விழுந்ததெல்லாம் இடது பக்கம். மேட்டுல விழுந்ததெல்லாம் வலது பக்கம்... ஒரே சிறுத்தைக்கே ரெண்டு பக்கமும் புள்ளி வேற வேற..." அவள் சுவரில் இருந்த இரண்டு படங்களையும் மாறி மாறிக் காட்டினாள்.

"அதனால?"

"நாளைக்கு யாரும் காட்டுக்குப் போக வேண்டாம் தம்பி. ராணியும் இவதான்."