கிருபாவதி கேட்ட கோர்ஸ்

"எனக்கு அந்தக் கோர்ஸ் வேணாம் மேடம். ஸ்போர்ட்ஸ் மசாஜ்தான் வேணும்."

திரும்பவும் அதையேதான் சொன்னாள் கிருபாவதி. குரல் உயரவில்லை. ஆனால் இறங்குகிற மாதிரியும் தெரியவில்லை.

தேனியில் ஜெபஷீலா நடத்தும் பயிற்சி நிலையத்தில் இரண்டே கோர்ஸ்தான். ஒன்று, படுக்கையில் கிடக்கும் பேஷண்ட்டுகளைக் கவனித்துக்கொள்வது. இன்னொன்று, விளையாட்டு வீரர்களுக்கான மசாஜ். முதலாவதற்குப் பெண்கள் வருவார்கள். இரண்டாவதற்குக் கபடி, வாலிபால் என்று ஆடி ஓய்ந்த பையன்கள் வருவார்கள். நாற்பதைத் தாண்டிய ஓர் அம்மா தேவாரத்திலிருந்து பஸ் ஏறி வந்து, இரண்டாவதுதான் வேண்டும் என்று அடம்பிடிப்பது இதுதான் முதல் தடவை.

"குமுளி ரிசார்ட்ல வேலைக்குப் போறதுக்காம்மா?" ஜெபஷீலா நேராகவே கேட்டாள். மசாஜ் என்று ஒரு சர்ட்டிபிகேட் இருந்தால் மலைக்கு மேலே பிழைத்துக்கொள்ளலாம் என்று வருகிறவர்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள்.

"இல்ல மேடம்."

"பின்ன எதுக்கு? பையன்களோட சரிசமமா நின்னு, தொடை, கெண்டைக்கால் எல்லாம் அமுக்கிப் பழகணும். கூச்சமா இருக்காதா?"

"பழகிக்கிருவேன்."

கூட வந்திருந்த அண்ணன் தங்கபாண்டிக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

"நல்லாக் கேளுங்க மேடம். பஸ்ஸுல ஏறுனதுல இருந்து நானும் தொண்டை வத்தக் கத்திக்கிட்டு வர்றேன். வீட்டுல வயசுப்புள்ள மாசக்கணக்காப் படுத்த படுக்கையாக் கெடக்கு. இடுப்புக்குக் கீழ உணர்ச்சியே இல்ல. பேஷண்ட் கோர்ஸைப் படிச்சா அந்தப் புள்ளைக்காச்சும் ஆகும். இவ என்னடான்னா ஊரான் காலை அமுக்கப் போறேங்கிறா!"

ஜெபஷீலா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"நெசமாம்மா?"

கிருபாவதி தலையை மட்டும் ஆட்டினாள்.

"நீங்க இங்க வந்துட்டா பாப்பாவை யார் பாத்துக்குவா?"

"காலையில ஒரு நர்சம்மா வந்துட்டுப் போவாக. அப்புறம் எங்க மதினி இருக்காக."

"எம் பொண்டாட்டியச் சொல்றா," என்றார் தங்கபாண்டி. "பெத்த புள்ளைய அவ தலையில கட்டிட்டு அம்மா ப்ளேயர்களைத் தேடிக் கெளம்பிட்டாக. கோப்பை வாங்காம வர மாட்டாக போல!"

"அண்ணே, சும்மா இரு."

"எதுக்கு இருக்கணும்? ஊர்ல நாலு பேரு கேட்டா நான்ல பதில் சொல்லணும்!"

ஜெபஷீலாவுக்கு மனசு கசந்தது. ராப்பகலாகப் படுக்கைக்குப் பக்கத்திலேயே கிடப்பவர்களுக்கு ஒரு கட்டத்தில் எங்கேயாவது ஓடிப்போனால் போதும் என்று ஆகிவிடும். அது அவளுக்குத் தெரியும். பெரிய தப்பென்றும் சொல்ல முடியாது. ஆனால், பெற்றவளேவா?

"வேணாம்மா. உங்களுக்கு பேஷண்ட் கோர்ஸ்தான் சரி," என்றாள் முடிவாக. "புண்ணு வராம எப்படித் திருப்பிப் படுக்க வைக்கிறது, எப்படித் துடைச்சு விடுறது எல்லாம் சொல்லித் தருவோம்."

"அதெல்லாம் ஆஸ்பத்திரியிலேயே சொல்லிக் குடுத்துட்டாக மேடம். தெனமும் நாந்தான் செய்யிறேன்."

ஜெபஷீலாவுக்கு எரிச்சல் வந்தது. சும்மா சொன்னால் இவள் போக மாட்டாள்.

"சரி, இதைக் கேட்டுக்கங்க. ஸ்போர்ட்ஸ் மசாஜ்ல சேர்றவங்க, பழகுறதுக்கு ஆளுக்கு ஒரு ப்ளேயரைக் கூட்டிட்டு வரணும். வாரா வாரம். நீங்க யாரைக் கூட்டிட்டு வருவீங்க?"

"எங்க ஊரு கபடி டீம் கேப்டனை."

"எவன் அவன்?" தங்கபாண்டி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தே விட்டார். "எனக்குத் தெரியாம எவன் அந்தக் கேப்டன்?"

ஜெபஷீலா அவரைக் கையமர்த்தினாள். "சனிக்கிழமை வரச் சொல்லுங்கம்மா. காலைப் பாத்துட்டுச் சொல்றேன்."

"வரச் சொல்ல முடியாது மேடம். தூக்கிட்டுத்தான் வரணும்."

தங்கபாண்டியின் கை நாற்காலியைத் தேடியது.

"ஆத்தா... கிருபா..."

"தை மாசம் ஒரு மேட்ச்ல ஜெயிச்சுட்டுத் திரும்பி வர்றப்ப வேன் கவுந்துருச்சு," என்றாள் கிருபாவதி, ஜெபஷீலாவைப் பார்த்து. "பொம்பளப்புள்ளைக டீமு. எம் மகதான் கேப்டன்."

சொல்லித்தான் ஆக வேண்டும் என்பதால் ஜெபஷீலா சொன்னாள்.

"அம்மா, என்னதான் அமுக்கி விட்டாலும் அந்தக் காலுக்கு உணர்ச்சி திரும்பி வராதும்மா."

"தெரியும் மேடம். டாக்டரு சொல்லிட்டாக."

"நீங்க தொடுறதுகூட பாப்பாவுக்குத் தெரியாதே?"

"பாத்துக்கிட்டு இருப்பாள்ல?"

ஜெபஷீலாவுக்குச் சட்டென்று புரியவில்லை. கிருபாவதி அவளாகவே தொடர்ந்தாள்.

"நர்சம்மா தங்கமானவகதான். ஆனா வந்ததும், 'பேஷண்ட் சாப்பிட்டாச்சா, பேஷண்ட்டை அங்கன திருப்புங்க'ம்பாக. அதைக் கேட்டதும் எம்புள்ள கண்ணை மூடிக்கிறா. அவக போறவரைக்கும் தொறக்கிறதே இல்ல. முன்னெல்லாம் மேட்ச் முடிஞ்சா, காலை நீட்டிக்கிட்டு, யாரையாச்சும் அமுக்கி விடச் சொல்லிக்கிட்டு, எவளை எப்படி அவுட் பண்ணுனேன்னு வாய் ஓயாமப் பேசுவா..."

சேர்த்துக்கொள்வார்களா, மாட்டார்களா என்று ஜெபஷீலாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு கிருபாவதி சொன்னாள்:

"பேஷண்ட்டுன்னு தொட எங்க வீட்டுல எல்லாரும் இருக்கோம் மேடம். ஒருத்தராச்சும் அவளை ப்ளேயருன்னு தொடணும்."