ஒற்றைக் கறுப்பு எறும்பு

சிவப்பு செல்லோபேன் தாளுக்கு அடியில், அக்டோபர் மாலை வெயிலில், எறும்புக் கண்ணாடிப் பெட்டி கங்குபோல் கிடக்கிறது. தகேமுரா மூச்சை அடக்கிக் குனிந்திருக்கிறார். உள்ளே பதினெட்டு சாமுராய் எறும்புகள். அரிவாள் தாடைகள் சண்டைக்குத்தான். தானாகத் தின்னத் தெரியாது. கறுப்பு எறும்பு ஊட்டிவிட வேண்டும். வருடாவருடம் ஜூலையில் கறுப்பு எறும்பின் கூட்டுப்புழுக்களைத் தோண்டிவந்து உள்ளே விடுவார்; அவை எறும்பாகி இவற்றுக்கு ஊட்டும். இந்த ஜூலையில் மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்தாள், மறந்துவிட்டார். இப்போது கறுப்பு எறும்பு ஒன்றே ஒன்றுதான் மிச்சம். தத்தாமிப் பாயில் கிடக்கும் போனில் தங்கை மியுகி பொரிந்து தள்ளுகிறாள்.

"அனுப்பின முள்ளங்கி ஊறுகாயத் தொறந்தியாண்ணே? அண்ணி போய் மூணு மாசமாச்சு. அரிசி களையக்கூடத் தெரியாத மனுஷன் நீ!"

"ஷ்… கத்தாத. அது குடிக்குது."

"எது?"

கறுப்பு எறும்பு தேன்நீரை வயிறு முட்டக் குடித்துவிட்டு, ஒரு காலை இழுத்தபடி திரும்புகிறது. பதினெட்டு வாய்கள் அதை நோக்கி நீள்கின்றன. தகேமுராவின் வாயும் லேசாகத் திறக்கிறது.