சூசை மொரேத்தியின் தகப்பன்

கோயில் அலுவலகத்தில், உபதேசியாரின் விரல் ஞானஸ்நானப் பதிவேட்டில் வரிவரியாக இறங்கியது.

மேசைக்கு எதிரே உட்கார்ந்து அவள் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

காலையில்தான் அந்தோணியாருக்கு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தாள். தொலைந்ததையெல்லாம் கண்டுபிடித்துக் கொடுக்கிறவர் அவர். முப்பாட்டன் சூசை மொரேத்தியின் பெயர் கிடைக்கட்டும் என்று வேண்டியிருந்தாள்.

கப்பலில் வந்து இந்தக் கரையிலேயே தங்கிவிட்ட இத்தாலிக்காரர் மொரேத்தி. அவர் பெற்ற பிள்ளைதான் சூசை என்று ஒரு தாள் போதும். அதைக் காட்டினால், இத்தாலிக்குப் போயிருக்கும் மகன் ரெக்ஸன் அங்கேயே இருந்துகொள்ளலாம். இல்லாவிட்டால் மாசக் கடைசியில் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

இத்தாலி ரத்தமாக்கும் என்று தலைமுறை தலைமுறையாக மார்தட்டிய குடும்பம். தாளுக்கா பஞ்சம் என்று, ரெக்ஸன் இருந்த துறைமுக வேலையையும் உதறிவிட்டுப் போயிருந்தான்.

உபதேசியார் தஸ்நேவிஸும் ஒரு மொரேத்திதான். தூரத்துப் பங்காளி. உங்கள் காரியம் முடிந்ததும் அடுத்து என் மகளுக்கு என்று, அவள் வந்ததிலிருந்து பத்து தடவை சொல்லிவிட்டார்.

விரல் அடுத்த பக்கத்துக்கு வந்தது.

அந்தப் பக்கம் முழுக்கக் காலரா வருஷத்துப் பிள்ளைகள். தாயும் தகப்பனும் போய்ச் சேர்ந்த பிள்ளைகள். தகப்பன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடு. ஞானஸ்நானத்தின்போது பிள்ளையைக் கையில் ஏந்தி நின்ற ஞானத்தகப்பன் பெயர் மட்டும் எல்லாருக்கும் ஒன்றே.

மொரேத்தி.

மொரேத்தி.

மொரேத்தி.

அநாதைப் பிள்ளைக்கு ஞானத்தகப்பன் பெயரையே சேர்த்து வைப்பது அந்தக் காலத்து வழக்கம். அவளுக்கும் தெரிந்ததுதான். அது தன் வீட்டுக் கதையாக இருக்கும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.



அந்தோணியாரே, கிடைக்க வேண்டாம். அந்த வரியை மட்டும் கரையான் அரித்திருக்கட்டும்.

விரல் நின்றது.

சூசை. அடுத்து ஒரு கோடு. அடுத்து மொரேத்தி.

அதற்குக் கீழ்வரியில் உபதேசியாரின் முப்பாட்டன். அவருக்கும் கோடுதான்.



அவளுக்கு ரெக்ஸனின் குரல் கேட்பது போலிருந்தது. என்னம்மா, கிடைச்சிதா?

உபதேசியார் ஒரு சான்றிதழ்த் தாளை எடுத்து மேசைமேல் வைத்தார். பேனாவைத் திறந்தார்.

"அக்கா, தகப்பன் பேருன்னு என்ன எழுத?"

அவள் எழுந்துபோய் அலுவலகக் கதவைச் சாத்தினாள்.

திரும்பி வரும்போது, சுவரிலிருந்த அந்தோணியார் படத்தை அவள் பார்க்கவே இல்லை.