கதவடியில் தெரிந்த கால்கள்

“கதவைச் சாத்திடட்டுமாம்மா? தெரு இரைச்சல்ல நீங்க பேசறதே கேட்கலை.”

“வேண்டாம், திறந்தே கிடக்கட்டும்,” என்றாள் தலைவரின் தங்கை. “தலைவர் வீட்டாளுங்க இருக்கிற இடம்னு திருடன்கூட எட்டிப் பார்க்கிறதில்லை. குழாய்த் தண்ணியும்தான்.”

எழுத வந்தவள் சிரித்துவைத்தாள். கையிலிருந்த தாள்கள் காற்றில் படபடத்தன. மனசும் அப்படித்தான் இருந்தது.

தலைவரின் வாழ்க்கையை எழுதுகிறாள். எதிர்த்துப் பேசுகிறவர்களையெல்லாம் ஒரு மனிதர் ஏன் உள்ளே தள்ளிப் பூட்டுகிறார்? அவர் வளர்ந்த விதத்தில் அதற்கு விடை இருக்கிறது என்பதுதான் புத்தகமே. வீட்டு மனுஷி ஒருத்தி ஆமாம் என்றால் புத்தகத்துக்கு வலு கிடைக்கும். அதைவிட, காரணம் தெரிந்துவிட்டால் அவர்மேல் தனக்கிருக்கும் பயம் கொஞ்சமாவது குறையாதா என்று அவளுக்குள் ஒரு நப்பாசை.

“போர்க்காலம். சர்க்கரைக்கு வீட்டுக்கு இவ்வளவுன்னு கணக்கு. சர்க்கரை டப்பாவுல கை வெச்சதுக்கு உங்கப்பா அவரைச் சாமான் அறையில தள்ளித் தாழ்ப்பாள் போடுவாராம். தலைவரே மேடையில சொல்லியிருக்கார்.”

“அண்ணன் நல்லாச் சொல்வார். கேட்டா எனக்கே தொண்டை அடைச்சுக்கும்.”

“அப்போ அந்த அறை நிஜம்தானே?”

“அறை நிஜம்மா. உள்ளே மூட்டை நாத்தம். இருட்டுல எலி காலை உரசிட்டு ஓடும். கதவுக்குக் கீழே மட்டும் ஒரு கோடு வெளிச்சம். அதுல ரெண்டு கால் தெரியும். அழுகை ஓயற வரைக்கும் அந்தக் கால் நகராது.”

காற்றில் கதவு பாதி சாத்திக்கொண்டது. தங்கை எழுந்து போய் அதை விரியத் திறந்து, ஒரு ஸ்டூலை முட்டுக்கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகும் கண் கதவிலேயே இருந்தது.

எழுத வந்தவள் அதைக் கவனிக்கவில்லை. பேனா ஓடிக்கொண்டிருந்தது.

“அழுதா யாரும் வர மாட்டாங்கன்னு அந்த வயசுலயே மனசுல விழுந்துபோச்சு. அதான் இன்னைக்கு யார் அழுதாலும் அவருக்குக் காதுல ஏறலை. பாவம், குழந்தை.”

“பாவம்தான்,” என்றாள் தங்கை.

“கடைசியா ஒண்ணும்மா. அந்தக் காலை அப்படியே கண்ணு முன்னால நிறுத்தணும். உங்கப்பா செருப்பு போடுவாரா, பூட்ஸா?”

“பூட்ஸ்தான். ஆனா அவர் அதை மாட்டிக்கிட்டு வேலைக்குக் கிளம்பின பிறகுதானே இதெல்லாம் நடக்கும்.”

பேனா நின்றது.

“அப்போ வெளியே நின்னது?”

“உள்ளேயிருந்து நான் பார்த்தது வெறுங்கால்மா. ஒன்பது வயசுப் பையன் கால். பக்கத்துல சர்க்கரை சிந்திக் கிடக்கும்.”