இரண்டாவது பொட்டலம்

அறிவுச்செல்வி வந்து இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது. இன்னும் லேப்டாப்பைத் திறந்தபாடில்லை.

மருதாசலம் தன் அறைக் கண்ணாடி வழியாக எட்டி எட்டிப் பார்த்தார். கோழித்தீவன மில்லுக்குப் புது சாப்ட்வேர் போட்டுத் தருகிறேன் என்று நாமக்கல்லிலிருந்து பஸ் ஏறி வந்த பெண், அவர் மனைவி முத்தாயம்மாள் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, அவள் போனில் ஆர்டர் எடுப்பதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். நடுநடுவே இரண்டு பேருக்கும் சிரிப்பு வேறு.

ஊர்க்கதை பேசவா வந்தாள் என்று இவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எரிச்சலுக்கு அடியில் இருந்தது பயம். போன வருடம் ஒருவன் போட்டுக் கொடுத்த சாப்ட்வேர் மூன்றே மாதத்தில் மானத்தை வாங்கிவிட்டது. பண்ணைக்காரர்களே செல்போனில் ஆர்டர் போட்டுக்கொள்ளலாம் என்றான். அவர்களும் போட்டார்கள். முட்டை விடுகிற கோழிக்கு, அது வளர்கிற வயதில் போடும் வளர்கோழித் தீவனமே போய்ச் சேர்ந்தது. சுண்ணாம்புச் சத்து போதாமல் ஓடு மெலிந்து, முட்டையெல்லாம் லாரியிலேயே உடைந்தன.

இரண்டு பண்ணைக்காரர்கள் அன்றோடு கழன்றுகொண்டார்கள். இருப்பதில் பெரிய பண்ணை மாதையனுடையது. இன்னொரு தடவை இப்படி ஆனால் வேறு மில்லைப் பார்த்துக்கொள்வதாக அவரும் சொல்லியாயிற்று. மாதையன் போனால் மில்லை இழுத்துப் பூட்ட வேண்டியதுதான். அறுபது பண்ணையை நோட்டில் எழுதிச் சமாளிக்கவும் முடியாது.

முந்தின நாள் சேலம் ஃபேர்லேண்ட்ஸ் கம்பெனியிலிருந்து இதே வேலையைக் கேட்டு யோகேஷ் காரில் வந்திருந்தான். வந்த பத்தாவது நிமிடம் அவன் சாப்ட்வேர் சுவரில் படமாக ஓட ஆரம்பித்துவிட்டது.

"பண்ணைக்காரர் போன தடவை மாதிரியேன்னு சொன்னா, இந்த பட்டனைத் தட்டினாப் போதும் சார். பழைய ஆர்டர் அப்படியே வந்திடும்."

பதினைந்து நாளில் முடித்துத் தருவதாகவும் சொன்னான். காபி கொண்டுவந்த முத்தாயம்மாள் அப்போது ஏதோ கேட்க வாயெடுத்தாள். டம்ளரை எடுத்துக்கொண்டு போ, முக்கியமான விஷயம் பேசுகிறோம் என்று இவர் அனுப்பிவிட்டார்.

அறிவுச்செல்வி கேட்டதோ மூன்று மாதம். அதில் முதல் மாதம் இப்படியே உட்கார்ந்து பார்ப்பாளாம்.

மனசு யோகேஷ் பக்கம்தான் சாய்ந்தது. ஆனால் போன வருடத்து ஆளும் இப்படித்தானே பளபளவென்று பேசினான்? சம்பந்தியைக் கேட்டார். ஆடிட்டரைக் கேட்டார். லாரி புக்கிங் ஆபீஸ்காரரைக்கூட விட்டுவைக்கவில்லை. ஆளுக்கொன்று சொன்னார்கள். நாலு நாளாக அவருக்குச் சோறு இறங்கவில்லை.

கடைசியில், மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது செய்ததையே இதற்கும் செய்வது என்று முடிவெடுத்தார். அம்மனிடம் பூக் கேட்பது.

"வெள்ளை வந்தா சேலத்துக்காரன். செவப்பு வந்தா அந்தப் பொண்ணு," என்றார் மனைவியிடம். "பொட்டலம் நீயே கட்டு முத்தாயி. எதுல எதுன்னு எனக்குத் தெரியக் கூடாது."

"சரீங்க," என்றாள் அவள்.

பரமத்தி வேலூரில் காவிரிக்கரைக் கோயில். பூசாரி இரண்டு பொட்டலத்தையும் அம்மன் காலடியில் வைத்து எடுத்து, தட்டில் நீட்டினார். மருதாசலம் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தார். அங்கேயே பிரித்தார்.

சிவப்பு அரளி.

அம்மன் சொன்ன பிறகு மறுபேச்சு ஏது? கோயில் வாசலிலிருந்தே அறிவுச்செல்விக்குப் போன் போட்டு, திங்கட்கிழமை வேலையை ஆரம்பிக்கச் சொன்னார். மிச்சமிருந்த பொட்டலத்தைப் பிரசாதத்தோடு சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

மனைவியோடு காரில் பாதி வழி வருவதற்குள் பயம் திரும்ப வந்துவிட்டது. தன் கைதான் தப்பான பொட்டலத்துக்குப் போய்விட்டதோ? வெள்ளைப் பூவை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டால் தேவலை போலிருந்தது. வண்டியை ஓரங்கட்டிவிட்டு இரண்டாவது பொட்டலத்தைப் பிரித்தார்.

அதிலும் சிவப்பு அரளி.

"முத்தாயி," பக்கத்தில் இருந்தவளிடம் பொட்டலத்தை நீட்டினார். "சாமி காரியத்துல வெளையாடலாமா?"

அவள் அசரவில்லை. "தெரியாத விஷயத்துக்குத்தானுங்க பூக் கேக்கோணும். பண்ணைக்காரங்க போன தடவ மாதிரின்னு சொன்னா, அதையே அனுப்பக் கூடாதுங்க. அதுக்குள்ள கோழிக்கு வயசு ஏறியிருக்கும், தீவனத்த மாத்தி உடோணும். போன வருசம் முட்டை ஒடஞ்சது அதனாலதான். அந்தப் பொண்ணு ரெண்டு மணி நேரம் உக்காந்து அதத்தான் கேட்டு எழுதிக்கிட்டா."

"இத எங்கிட்ட நீ சொல்லவே இல்லியே?"

"சொல்ல வந்தப்பத்தான் டம்ளர எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லிப்போட்டீங்க." பொட்டலத்திலிருந்த பூவை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள். "பதினாறு வருசமா அந்தப் போன எடுக்கறவ நானுங்க. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா, அம்மனைத் தொந்தரவு பண்ணியிருக்க மாட்டேன்."