பன்னிரண்டு வருஷ கேரண்டி

"பன்னிரண்டு வருஷ கேரண்டியா? எனக்கு இப்பவே எண்பத்திரண்டு. எதுக்கும்மா?"

"இருக்கட்டுமேப்பா. மட்டமானதை மாட்டிட்டு அப்புறம் அவதிப்படணுமா?" என்றாள் மருமகள் மொய்ரா.

வட இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸில் நவம்பர் குளிர் சும்மா விடாது. வீட்டைச் சூடாக்கும் பாய்லர் போன வாரமே உயிரை விட்டுவிட்டது. சமையலறையில் வில்ஃப்ரட் ஓவர்கோட்டோடு உட்கார்ந்திருந்தார்.

மேஜையில் இரண்டு விலைச்சீட்டுகள். ஒரு பாய்லர் ஆயிரத்துத் தொள்ளாயிரம் பவுண்டு, ஐந்து வருஷ கேரண்டி. இன்னொன்று இரண்டாயிரத்து எண்ணூற்று எண்பது, பன்னிரண்டு வருஷம்.

வகுத்துப் பார்த்தார். முதல் பாய்லருக்கு வருஷத்துக்கு முந்நூற்று எண்பது விழுகிறது. மற்றதற்கு இருநூற்று நாற்பதுதான். கணக்குப்படி விலை கூடியதுதான் லாபம். பாய்லர் பன்னிரண்டு வருஷம் ஓடும், சரி. ஆள் ஓட வேண்டுமே!

மொய்ரா போனதும் தோட்டத்துக்கு வந்தவரை வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பக்கத்து வீட்டு டோரீன் எட்டிப் பார்த்தாள்.

"என்ன வில்ஃப், பெரிசா வாங்கச் சொல்றாளா? தெருக்கோடி வீட்டை ஒரே வாரத்துல வித்தாங்களே, எப்படி? 'புது பாய்லர்'னு விளம்பரத்துல போட்டாங்க. மிச்ச கேரண்டி வீடு வாங்கறவங்களுக்குப் போயிடுமாம்."

வில்ஃப்ரடுக்குச் சுரீரென்றது.

மூத்த மகன் இறந்து ஆறு வருஷம் ஆகிறது. அவன் மனைவி மொய்ரா இன்னும் ஞாயிறு தவறாமல் வறுத்த கறியும் உருளைக்கிழங்கும் தட்டில் மூடி எடுத்து வருகிறாள். வாய்க்கு வாய் 'அப்பா' என்கிறாள். எதற்காக?

உயிலில் அவளுக்குப் பாதி வீடு எழுதியிருந்தார். அது அவளுக்கும் தெரியும்.

சாயங்காலம் லீட்ஸிலிருந்து இளைய மகன் ரஸ்ஸல் போன் செய்தான்.

"அப்பா, அண்ணி பேச்சைக் கேக்காதீங்க. அஞ்சு வருஷ பாய்லரே தாராளம். உங்க காசை ஏன் கரியாக்கணும்?"

பெற்ற பிள்ளை பெற்ற பிள்ளைதான்! திங்கட்கிழமை வக்கீலைப் பார்த்து வீடு முழுவதையும் ரஸ்ஸல் பேருக்கே மாற்றிவிடுவது என்று தீர்மானித்துக்கொண்டார்.

மறுநாள் காலை பாய்லர் மாட்டுகிற கீரன் வந்தான். எது வேண்டுமென்று சொன்னால் கையோடு ஆர்டர் கொடுத்துவிடுவான். வழக்கப்படி அவனுக்கு ஒரு குவளை டீ போட்டுக் கொடுத்தார்.

"சின்னதையே மாட்டிடுப்பா. ஆமா, என் மருமக உன்கிட்ட ஏதாவது பேசினாளா?"

"பேசினாங்களாவா! அரை மணி நேரம் என் உயிரை எடுத்துட்டாங்க சார். எது அடிக்கடி ரிப்பேர் ஆகும், எதுக்குப் பார்ட்ஸ் கிடைக்காதுன்னு ஒரே கேள்வி."

"விலையைக் கேட்டாளா?"

"விலையா? பன்னிரண்டும் பத்தாது, பதினஞ்சு வருஷ கேரண்டி இருக்கான்னு கேட்டாங்க."

"பதினஞ்சா! ஏனாம்?"

"உங்க அம்மா தொண்ணூத்தேழு வரைக்கும் இருந்தாங்களாமே? 'இவரும் இருப்பாரு. தொண்ணூறு வயசுக்கு மேல, நடுக்குளிர்ல பாய்லர் நின்னுபோய் அவர் தனியா நடுங்கக் கூடாது'ன்னாங்க."

வில்ஃப்ரட் தன் குவளையை மெல்லக் கீழே வைத்தார்.

"என் மகனும் பேசினானோ?"

"ஓ, அவரும் பேசினாரு. எத்தனை வருஷத்துக்கு வேணும்னு கேட்டேன். அஞ்சே அதிகம், அதுக்கு ரொம்ப முன்னாடியே வீட்டை வித்துடுவோம்னாரு."

கீரன் பிஸ்கட்டை டீயில் தோய்த்தபடியே நிமிர்ந்து பார்த்தான்.

"ஆமா, நீங்க எங்க சார் குடி போறீங்க?"